வெளிநாடு போகிறாரா உங்கள் வீட்டுக்காரர்?

கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று போன காலம் மாறி, இப்போது நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களும் சீட்டு போட்டுப் பணம் சேர்த்து சிங்கப்பூர், மலேசியா என்று போய் வருகிறோம். அங்கே பெண்கள் என்ன உடுத்தலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆண்களுக்கு யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை! ஆனால் அவர்கள் பெட்டியை அடுக்குவது நாம்தானே? அதனால்தான் சகோதரிகளுக்கு என் அனுபவத்தை எழுதுகிறேன்.

2024 மே மாதம் பிள்ளைகளோடு ஏழு நாள் பயணமாக சிங்கப்பூர், மலேசியா போனோம். என் கணவர் கடை வைத்திருக்கிறார். வருடம் முழுக்க வேட்டி, அரைக்கை சட்டை, செருப்புதான். கல்யாணம், காட்சி என்றால் பேன்ட். அப்படிப்பட்டவர், டிக்கெட் கைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டார். மூன்று ஜீன்ஸ், முழுக்கை சட்டைகள், 3,200 ரூபாயில் ஒரு கறுப்பு லெதர் ஷூ என்று வாங்கிக் குவித்தார்.

"ஏங்க, அந்த ஷூவை நாலு நாள் வீட்ல போட்டு நடந்து பாருங்களேன்" என்றேன்.

"புதுசு அழுக்காயிடும். அங்க போய் போட்டுக்கிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் பட்டிக்காட்டான் மாதிரி வரச் சொல்றியா?" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான், மறைப்பானேன்? ஏர்போர்ட்டில் அவர் நின்ற தோரணையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

சிங்கப்பூர் வெயில் நம்மூர் வெயில் மாதிரி இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பகலில் 31, 32 டிகிரி. "இவ்வளவுதானா, நம்ம ஊர்ல 40 அடிக்குதே" என்று அலட்சியமாக நினைத்தோம். ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம். வேர்வை காயவே காயாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. திடீர் திடீரென்று மழை வேறு. முதல் நாளே நனைந்த ஜீன்ஸ், மறுநாள் காலையிலும் ஹோட்டல் ரூமில் சொதசொதவென்று தொங்கியது. கனமான துணி இரண்டும் மாற்றி மாற்றி உரசி, மூன்றாம் நாள் தொடை இடுக்கெல்லாம் சிவந்து, மனிதர் காலை அகட்டி அகட்டி நடந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரயிலில் பார்த்த உள்ளூர் ஆண்களில் பாதிப் பேர் அரைக்கால் டிரவுசர், டி-ஷர்ட், ரப்பர் செருப்போடுதான் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஷூவை ஏறெடுத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

அடுத்து மலேசியா. பத்துமலை முருகனைப் பார்க்க 272 படி ஏறி இறங்கினோம். கீழே வந்ததும் ஒரு திண்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் ரத்தக் கறை! குதிகாலிலும் சுண்டுவிரலிலும் கொப்புளம் வந்து, அதுவும் உடைந்து, தோல் உரிந்து கிடந்தது.

"ஐயோ, வலிக்கலையாங்க?"

"இல்லையே... ஏதோ ஈரமா இருந்துச்சு. வேர்வைன்னு நினைச்சேன்."

அந்தப் பதிலில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை மறக்காமல் எடுத்து வைத்த நான், காலை மறந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் ஓடினோம். அதற்குள் சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்மா" என்றார் அவர். சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகலாமாம். ஷூ கடிப்பதே தெரியாது. புண் வந்தாலும் சீக்கிரம் ஆறாது. நாலு மணி நேரம் விமானத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் பாதம் கொஞ்சம் வீங்குவதும் சகஜம். கடையில் சரியாக இருந்த ஷூ அங்கே போய் இறுக்கியது அதனால்தான் போலிருக்கிறது. ஆறு வாரம் கட்டு மாற்றினோம். கடையை நானும் பையனும் பார்த்துக்கொண்டோம். சுற்றுலாவுக்குச் செலவழித்ததைவிட, அந்த ஆறு வாரம் நான் பட்ட பயம்தான் பெரிது.

2025 மே மாதம் என் கொழுந்தனார் குடும்பத்தோடு பாங்காக் கிளம்பினார். அவருக்கும் சர்க்கரை உண்டு. ஓரகத்தியோடு உட்கார்ந்து பெட்டியை நானே அடுக்கினேன். ஜீன்ஸ் ஒன்றுகூட இல்லை. இடுப்பில் கொஞ்சம் தொளதொளப்பாக நாலு காட்டன் பேன்ட், வெளிர் நிறத்தில் அரைக்கை சட்டைகள், ஏ.சி. பஸ்ஸுக்கும் பெரிய கடைகளுக்கும் ஒரே ஒரு முழுக்கை சட்டை. அந்தக் கடைகளின் குளிர் இருக்கிறதே, மார்கழி மாதிரி! பனியன், உள்ளாடை, காட்டன் சாக்ஸ் மட்டும் நாளுக்கு இரண்டு கணக்கு. ராத்திரிக்குக் கைலி. ஹோட்டலில் கைலி கட்டக் கூச்சப்படுகிறார்கள். ரூமுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

அரைக்கால் டிரவுசர் மட்டுமே போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. பாங்காக் அரண்மனைக்குள் ஆண்களும் அரைக்கால் டிரவுசர், கையில்லாத பனியனோடு போக முடியாது. முழுநீள பேன்ட் வேண்டும். வெயிலில் அங்கே போய் நின்று அவதிப்படுவதைவிட, கோவில், அரண்மனை போகும் நாளில் காலையிலேயே பேன்ட் போட்டுவிட்டால் தீர்ந்தது.

காலுக்கு, ஆறு மாதமாகப் போட்டுப் பழகிய மெத்தென்ற ஷூ. பழைய ரப்பர் செருப்பும் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாதாம். விரலிடுக்கில் வார் அறுக்கும், அடியில் குத்துவதும் தெரியாது. பின்னால் பட்டை வைத்த செருப்புதான் நல்லது என்றார் டாக்டர். கோவில் பிராகாரத்தில் கல் சுடும். வெறுங்காலோடு நடக்காமல் சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். தினமும் ராத்திரி பாதத்தையும் விரலிடுக்கையும் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும் வேலையை ஓரகத்தியிடம் ஒப்படைத்தேன். "அண்ணி ஆர்டர்" என்று கொழுந்தனார் சிரித்துக்கொண்டே காலை நீட்டுவாராம். ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கறுப்பு ஷூ இன்னும் எங்கள் பரண் மேல் டப்பாவோடு இருக்கிறது. "யாருக்காவது கொடுத்துடலாங்க" என்று சொன்னால், "இருக்கட்டும், பையன் காலேஜ் போறப்ப போட்டுக்குவான்" என்கிறார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.