காசு கரையாத கிறிஸ்துமஸ்: கிள்ளான் பள்ளத்தாக்கில் குட்டீஸை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?

டிசம்பர் வந்தாச்சு. பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் மரம் வச்சாச்சு. பள்ளியும் விடுமுறை. வீட்டில் இருக்கும் தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

பதில் சொல்வதற்கு முன்னால் வீட்டில் ஒரு கணக்கு ஓடும். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சீருடை, காலணி, புத்தகப் பை எல்லாம் வாங்கியாகணும். ஒரே நாளில் மாலுக்குப் போய் 200 வெள்ளி போய்விட்டால், அது ஒரு பிள்ளையின் காலணிக்கும் பைக்கும் வைத்திருந்த காசாகக்கூட இருக்கலாம்.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் காசில்லாமல் பார்க்க நிறைய இருக்கிறது. எது உண்மையிலேயே இலவசம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

'இலவசம்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எந்த வகை இலவசம் என்று பாருங்கள்.

முதல் வகை, எல்லாருக்கும் திறந்தது. பேரங்காடியின் நடுக்கூடத்தில் இருக்கும் அலங்காரம், மேடையில் பாடும் கேரல் குழு, பூங்காவில் தண்ணீர் நடனம். நின்று பார்க்க யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

இரண்டாம் வகை, ரசீது காட்டினால் இலவசம். சாந்தா தாத்தாவோடு படம், பலூன், கைவினை வகுப்பு போன்றவை பல இடங்களில் இப்படித்தான். இத்தனை வெள்ளிக்குப் பொருள் வாங்கியிருக்கணும் என்பது விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

மூன்றாம் வகை, நுழைவு மட்டும் இலவசம். உள்ளே குட்டி ரயிலுக்கு ஒரு டிக்கெட், ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட். இதோடு கார் நிறுத்தக் கட்டணமும் சேரும்.

ஆகவே கிளம்புவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ரசீது வேணுமா? எப்படிப் போய்ச் சேர்றது? வெளியே வரும் வழியில் விளையாட்டுப் பொருள் கடை இருக்கா? மூன்றாவது கேள்வி சிரிப்பாக இருக்கலாம். நாலு வயசுப் பிள்ளையோடு அந்தக் கடையைக் கடந்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கார் இல்லாமல், மழையிலும் நனையாமல் ஒரு சுற்று

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தொடங்குவோம். கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ஏறினால் அடுத்த நிலையம் பசார் செனி. அங்கிருந்து 'கோ கே.எல்.' பேருந்தின் ஊதாத் தடம் புக்கிட் பிந்தாங் போகிறது. மலேசியக் குடிமக்களுக்கு இந்தப் பேருந்தில் கட்டணம் இல்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

புக்கிட் பிந்தாங்கில் இறங்கி, பெவிலியன் அலங்காரத்தைப் பாருங்கள். பிறகு அங்கிருந்து கே.எல்.சி.சி. பக்கம் போகும் நடைபாலத்தில் ஏறுங்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், மேலே கூரை, உள்ளே குளிர்சாதனம். டிசம்பர் மாத மாலை மழைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குட்டீஸ் ஓடுவதற்கும் இடம் இருக்கும்.

அந்தப் பக்கம் இறங்கினால் சூரியா கே.எல்.சி.சி. மரம் ஒன்று, பின்னால் பூங்கா, விளையாட்டுத் திடல். இரவு 8 மணிக்கு மேல் ஏரியில் ஒளியும் இசையுமாக நீரூற்றுக் காட்சி. திரும்பி வர கே.எல்.சி.சி. நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நேரடி எல்.ஆர்.டி. உண்டு. ஆக, பெரியவர்களுக்கு எல்.ஆர்.டி. கட்டணம்தான் செலவு. 50 வெள்ளி மாதப் பயண அட்டையான 'மை50' வைத்திருந்தால் அதுவும் தனியாக ஆகாது.

கூட்டம் பிடிக்காதா? வார நாளில் காலை 11 மணி வாக்கில் போங்கள். கேரல் பாட்டும் வேணும் என்றால் மாலைதான். நேரப் பட்டியல் அந்தந்த மாலின் சமூக ஊடகப் பக்கத்தில் வரும்.

குடில் தேடும் விளையாட்டு

மாலில் இருப்பது அலங்காரம். அந்தப் பண்டிகையின் கதை இருப்பது ஆலயக் குடிலில். மாட்டுத் தொழுவம், வைக்கோல், மரியாள், யோசேப்பு, இடையர்கள், மூன்று ஞானிகள் என்று பொம்மைகளால் கதை சொல்வதுதான் குடில். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் இப்படி ஒரு காட்சியை அமைத்தார். அதிலிருந்துதான் இந்த வழக்கம் பரவியது என்பார்கள். நம்ம வீட்டு நவராத்திரி கொலுவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

பிரிக்பீல்ட்ஸில் இதை நடந்தே பார்க்கலாம். ஜாலான் துன் சம்பந்தனில் இருக்கும் ஹோலி ரோசரி ஆலயம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கத்தோலிக்கர்களுக்காக உருவானது. பக்கத்துச் சாலையான ஜாலான் சுல்தான் அப்துல் சமாட்டில் பாத்திமா மாதா ஆலயமும், தமிழ் லூத்தரன் சபையின் வரலாற்றோடு பிணைந்த சீயோன் பேராலயமும் உள்ளன. புடு பக்கம் ஜாலான் ராபர்ட்சனில் இருக்கும் புனித அந்தோணியார் ஆலயம் தமிழ் பேசும் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது.

பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: "தொட்டில்ல குழந்தை இருக்கா, பார்த்துச் சொல்லு." 24ஆம் தேதிக்கு முன்னால் போனால் பல குடில்களில் தொட்டில் காலியாக இருக்கும். குழந்தை இயேசுவின் உருவத்தை அன்று இரவுத் திருப்பலியில்தான் வைப்பார்கள். ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் போனால் அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். குடில் 25ஆம் தேதியோடு போய்விடாது. கத்தோலிக்க ஆலயங்களில் கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியிலும் சில நாள் தொடரும்.

நாங்க கிறிஸ்துவர் இல்லையே, உள்ளே போகலாமா?

இதைக் கேட்கத் தயங்குபவர்கள் நிறைய பேர். 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் 9.1 விழுக்காட்டினர்தான் கிறிஸ்துவர்கள். மற்ற சமயத்தவர் குடில் பார்க்க வருவது ஆலயங்களுக்குப் புதிதல்ல.

சில விஷயம் மட்டும் கவனியுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். வழிபாடு நடந்தால் பின்வரிசையில் உட்காருங்கள், அல்லது முடியும் வரை வெளியே காத்திருங்கள். திருப்பலியில் நற்கருணை வாங்க வரிசையாகப் போவார்கள். அது கத்தோலிக்கர்களுக்கு உரியது, நீங்கள் இடத்திலேயே இருக்கலாம். காணிக்கைப் பை வந்தால் போட்டே ஆகணும் என்ற கட்டாயம் கிடையாது. படம் எடுக்கும் முன் அங்குள்ளவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

24ஆம் தேதி இரவு கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு போவதாக இருந்தால் வேறொரு நாள் பகல் நல்லது. கதவு எப்போது திறந்திருக்கும், தமிழ்த் திருப்பலி எத்தனை மணிக்கு என்பதை அந்தந்தப் பங்கின் பக்கத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

கிள்ளானில் ஒரு காலைப் பொழுது

கே.எல். சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளான் போகும் கே.டி.எம். கொமுட்டரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயில் பயணமே பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு. ஒன்று மட்டும்: 'மை50' அட்டை கே.டி.எம்.முக்குச் செல்லாது.

நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலான் தெங்கு கிளானா, நம்ம லிட்டில் இந்தியா. பூக்கடை, துணிக்கடை, பலகாரக் கடை எல்லாம் தாண்டினால், அதே சாலையில் 1928இல் கட்டிய லூர்து மாதா ஆலயம் நிற்கிறது. உயர்ந்த கோபுரமும் கூரிய வளைவுகளும் கொண்ட கோதிக் பாணிக் கட்டடம். தீபாவளிக்குத் துணி எடுக்க வருடா வருடம் இந்தச் சாலைக்கு வருபவர்கள்கூட உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிலையத்தின் பக்கமே, ஜாலான் ஸ்டேசனில் சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகம் இருக்கிறது. நுழைவு இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும். 1909இல் எழுந்த இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஏ.பி. ஹப்பேக். கோலாலம்பூரின் ஜாமேக் பள்ளிவாசலும் பழைய ரயில் நிலையமும் அவர் வரைந்தவைதான். பண்டிகை நாளில் திறந்திருக்கிறதா என்று மட்டும் போன் போட்டுக் கேளுங்கள்.

அழைப்பு வந்தால் போங்க

பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு போலவே கிறிஸ்துமஸுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு. அடுத்த வீட்டு ஆண்டி "வாங்க" என்று சொன்னால் அது வாய்ச் சொல் இல்லை. எத்தனை பேர் வருகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் கையில் கொஞ்சம் பழம், அல்லது அவர்களே வரைந்த ஒரு வாழ்த்து அட்டை கொடுத்து அனுப்பினால் போதும். அச்சு முறுக்கும் கேக்கும் தட்டில் நிறைந்து வரும். பிள்ளைகளுக்கு விளையாட ஆளும் கிடைக்கும்.

மழை விடவில்லையா? வீட்டில் நட்சத்திரம்

தேவையானது சாத்தே குச்சிகள், நூல், மெல்லிய வண்ணத்தாள், பசை. குச்சியின் கூர்முனையைப் பெரியவர்கள் முதலில் வெட்டிவிடுங்கள்.

ஐந்து குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து ஐந்து முனை நட்சத்திரமாகக் கட்டுங்கள். அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் குச்சிகள் குறுக்கே சந்திக்கும் ஐந்து இடங்களில், இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே விரல் நீளத் துண்டுக் குச்சியைச் செருகினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். பிறகு தாள் ஒட்டுங்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கு போதும்.

கிளம்பும் முன்

தண்ணீர்ப் புட்டி, குடை, கொஞ்சம் பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்; வெளியே காசு கரைவது பெரும்பாலும் தாகத்தில்தான். "இன்னிக்குப் பார்க்கப் போறோம், வாங்கப் போறது இல்ல" என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் கை விட்டுப்போனால் எங்கே வந்து நிற்கணும் என்பதையும் காட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளையின் பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள்.