பணம் இல்லாத பணப்பை



மீஞ்சூர்ச் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கும் செல்லும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சரக்கு ஏற்றி வரும் கன்டெய்னரின் கதவுத் தாழ்ப்பாளில், எண் பொறித்த ஓர் உலோக ஆணி செருகியிருக்கும். இதைச் 'சீல்' என்பார்கள். ஒருமுறை அழுத்திப் பூட்டிவிட்டால், பிறகு அதை வெட்டித்தான் எடுக்கவேண்டும். ஆகவே சீல் உடையாமல் இருந்தால், வழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று நம்பலாம்.

ஆனால் ஒரு கேள்வி. உள்ளே என்ன சரக்கு ஏற்றினார்கள் என்று பாராமலே ஒருவர் சீல் வைத்துவிட்டால்? சீல் என்னவோ பழுதின்றி இருக்கும். உள்ளே இருப்பது வேறு சரக்காக இருக்கும்! இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் 'ஹார்டுவேர் வாலட்' என்ற சிறு கருவியைப் பற்றி இப்போது பார்ப்போம். அதன் பலமும் பலவீனமும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன.

பணம் எங்கே இருக்கிறது?

'வாலட்' என்றால் பணப்பை. ஆனால் இந்தப் பணப்பைக்குள் ஒரு காசுகூட இல்லை. வியப்பாக இருக்கிறதா?

பிட்காயின் என்ற முதல் கிரிப்டோ நாணயம் 2009-ஆம் ஆண்டு தொடங்கியது. அது உலோகக் காசும் அல்ல, காகித நோட்டும் அல்ல. ஒரு பெரிய கணக்கேட்டில் உள்ள வரிகள்தாம் அது. "இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு இவ்வளவு சென்றது" என்ற வரிகள் அதில் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கணக்கேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் உள்ளன. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம்.

அப்படியானால் அடுத்தவர் பணத்தை நம் முகவரிக்கு மாற்றி எழுதிவிடலாமே? முடியாது. ஒவ்வொரு முகவரிக்கும் ஓர் இரகசிய எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு கணக்கிட்ட 'கையொப்பம்' இருந்தால்தான் புதிய வரியை மற்றக் கணிப்பொறிகள் ஏற்கும். கையொப்பம் சரியா என்று எவரும் சோதிக்கலாம். ஆனால் கையொப்பத்தைப் பார்த்து இரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது.

இது எப்படி? கணிதத்தில் சில வேலைகள் ஒரு திசையில் எளிது, மறு திசையில் கடினம். 83-ஐ 97-ஆல் பெருக்குங்கள். அரை நிமிடத்தில் 8051 என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 8051 வரும்?" என்று நண்பரைக் கேட்டுப் பாருங்கள். அவர் வெகுநேரம் திணறுவார். பிட்காயினில் உள்ள கணக்கு இதனினும் வேறானது, மிகக் கடினமானது. ஆனால் தத்துவம் இதுவே.

இரகசிய எண் 78 இலக்கங்கள் வரை நீளக்கூடியது. ஒரு கணிப்பொறி விநாடிக்கு ஓர் இலட்சம் கோடி எண்களை முயன்று பார்த்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஆகும் ஆண்டுகளை எழுத 50-க்கு மேற்பட்ட இலக்கங்கள் தேவை. பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளை எழுதவோ 11 இலக்கங்கள் போதும்! எனவே திருடர்கள் எண்ணை ஊகிக்க முயல்வதில்லை. எண்ணை வைத்திருப்பவரை ஏமாற்றவே முயல்கிறார்கள்.

கருவியின் வேலை என்ன?

இரகசிய எண்ணைச் செல்பேசியிலோ கணிப்பொறியிலோ வைத்தால், இணையத்தின் வழியே நுழையும் தீய நிரல்கள் அதைத் திருடக்கூடும். இதைத் தடுக்கவே ஹார்டுவேர் வாலட் பிறந்தது. 2014-இல் செக் நாட்டின் பிராக் நகரிலிருந்து 'டிரெசர்' என்ற கருவி விற்பனைக்கு வந்தது. இவ்வகையில் அதுவே முன்னோடி.

ஒரு சிறு திரை, ஓரிரண்டு பொத்தான்கள், உள்ளே ஒரு சில்லு. அவ்வளவுதான். பணம் அனுப்பும் கட்டளையைக் கணிப்பொறி தயாரித்துக் கருவிக்கு அனுப்பும். கருவி அதைத் தன் திரையில் காட்டும். நாம் படித்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால், உள்ளேயே கையொப்பம் இட்டு, அதை மட்டும் வெளியே அனுப்பும். இரகசிய எண் கருவியை விட்டு வெளியேறுவதே இல்லை.

சென்னையில் ஒரு வழக்கு

சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில் ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி. என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கி, 'வாசிர்எக்ஸ்' என்னும் இந்தியப் பரிமாற்று நிறுவனத்திலேயே வைத்திருந்தார். அதாவது திறவுகோலான இரகசிய எண் அவரிடம் இல்லை, நிறுவனத்திடம் இருந்தது. 2024 ஜூலை 18-ஆம் நாள் அந்நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. திருடு போனவை வேறு வகை நாணயங்கள். ஆயினும் இவருடைய கணக்கும் முடங்கியது.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபர் 25-ஆம் நாள் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயமும் ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கத்தக்க ஒரு சொத்தே என்று தீர்ப்பளித்தார். சட்டம் துணைக்கு வந்தது. ஆனால் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

"திறவுகோல் அவர் கையிலேயே இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லையே!" என்பீர்கள். உண்மைதான். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

திருடு போன அந்தப் பெட்டகத்துக்கு ஒரு திறவுகோல் அல்ல, ஆறு திறவுகோல்கள் இருந்தன. நிறுவனத்தார் மூவர் கையொப்பமிட்ட பிறகு, பாதுகாப்புச் சேவை தரும் மற்றொரு நிறுவனமும் ஒப்புதல் தரவேண்டும். வாசிர்எக்ஸ் வெளியிட்ட அறிக்கையின்படி, கையொப்பமிட்ட அதன் அலுவலர்களிடம் ஹார்டுவேர் வாலட்டுகள் இருந்தன. பிறகு எப்படித் திருடு போயிற்று? கணிப்பொறித் திரையில் காட்டப்பட்டது ஒன்று. அவர்கள் கையொப்பமிட்டது வேறொன்று என்கிறது அவ்வறிக்கை. எந்த இரகசிய எண்ணையும் யாரும் ஊகிக்கவில்லை. பழுதற்ற சீல், உள்ளே வேறு சரக்கு!

2025 பிப்ரவரியில் 'பைபிட்' என்ற வெளிநாட்டு நிறுவனமும் இவ்வாறே ஏமாந்து, சுமார் 150 கோடி டாலரை இழந்தது.

சிக்கலான கட்டளைகள் வரும்போது, கருவியின் சிறு திரையில் முழு விவரமும் தெரியாமல், பொருள் விளங்காத நீண்ட எழுத்து வரிசை மட்டும் தோன்றக்கூடும். அதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவதைக் 'குருட்டுக் கையொப்பம்' என்கிறார்கள். கருவி திறவுகோலைக் காக்கும். ஆனால் நமக்காகப் படித்துப் பார்க்காது.

கருவியை அமைக்கும் முறை

1. கருவியைத் தயாரிப்பாளரிடமோ, அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டுமே புதிதாக வாங்கவேண்டும். 2020-இல் பிரெஞ்சு நிறுவனமான 'லெட்ஜரின்' வாடிக்கையாளர் பட்டியல் வெளியே கசிந்தது. மறு ஆண்டு, அப்பட்டியலில் இருந்த சிலருக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்து சேர்ந்தன!

2. கருவி முதன்முறை இயங்கும்போது தானே இரகசிய எண்ணை உருவாக்கும். அதை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாகத் திரையில் காட்டும். பெட்டிக்குள் முன்பே எழுதிய சொற்கள் இருந்தால் அது மோசடி. அந்தச் சொற்கள் வேறொருவருக்கும் தெரியும் என்பதே அதன் பொருள்.

3. அச்சொற்களை வரிசை மாறாமல் காகிதத்தில் கையால் எழுதவேண்டும். படம் எடுக்கக்கூடாது, செல்பேசியில் தட்டச்சு செய்யவும் கூடாது. செல்பேசிப் படங்கள் நாம் அறியாமலே இணையச் சேமிப்புக்குப் போய்விடக்கூடும்.

4. கடவு எண் ஒன்றை அமைக்கவேண்டும். இதைப் பலமுறை தவறாக இட்டால் கருவி தன் நினைவை அழித்துக்கொள்ளும். அதனால் நட்டமில்லை. எழுதிவைத்த சொற்களைப் புதிய கருவியில் இட்டால் எல்லாம் மீண்டுவிடும். கருவி தொலைந்தாலும் இவ்வாறே மீட்கலாம். சொற்கள் தொலைந்து, கருவியும் பழுதானால் மீட்க வழியே இல்லை.

5. பெருந்தொகை வைக்குமுன் ஒரு சோதனை தேவை. சிறு தொகையை வரவு வைத்து, கருவியை முற்றிலும் அழித்து, காகிதத்தில் உள்ள சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்க்கவேண்டும். எழுதியதில் பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

6. காகிதத்துக்கு நீரும் நெருப்பும் பகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். ஆகையால் சிலர் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்து அச்சுகளைச் சுத்தியலால் அடித்துச் சொற்களைப் பதித்துக்கொள்கிறார்கள். கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளில் இந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

7. பணம் அனுப்பும்போது முகவரியைக் கருவியின் திரையில் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கவேண்டும். நாம் பிரதி எடுத்து ஒட்டும் முகவரியைத் திருடன் முகவரியாக மாற்றிவிடும் தீய நிரல்கள் உண்டு. முதலில் சிறு தொகை அனுப்பி, அது சேர்ந்தபின் மீதியை அனுப்புவது நல்லது. திரையில் வருவது புரியாவிட்டால், பொத்தானை அழுத்தக் கூடாது.

8. இருபத்து நான்கு சொற்களைக் கேட்பவர் யாராயினும் திருடரே. "நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்" என்றாலும் சொல்லக்கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

சொற்கள் எப்படி எண்ணாகின்றன? இதற்குக் கருவி வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் போதும். அதை 11 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0 என்று இடமிருந்து வலமாக எழுதுங்கள். முதல் இடத்தின் மதிப்பு 1024, அடுத்தது 512, பிறகு 256 என்று பாதி பாதியாகக் குறைந்து கடைசி இடம் 1 ஆகும். 1 உள்ள இடங்களின் மதிப்பை மட்டும் கூட்டுங்கள். 0 முதல் 2047 வரை ஏதேனும் ஓர் எண் கிடைக்கும். கருவிகள் பயன்படுத்தும் பட்டியலில் சரியாக 2048 சொற்கள் உள்ளன. உங்கள் எண் அதில் ஒரு சொல்லைக் குறிக்கும்.

256 முறை சுண்டினால் ஒரு முழு இரகசிய எண்! ஆனால் 24 சொற்களுக்கு 24 × 11 = 264 இடங்கள் தேவை. மீதி 8 இடங்கள் எதற்கு? அவை சரிபார்ப்புக்காக. முதல் 256 இடங்களிலிருந்து கணக்கிட்டு அவற்றை நிரப்புகிறார்கள். ஏதேனும் ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் இந்தக் கணக்கு உதைக்கும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இத்தகைய சரிபார்ப்பு இலக்கமே.

கடைசியாக ஒரு சொல்

கிரிப்டோ நாணயம் இந்தியாவில் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. அதன் விலை ஒரே நாளில் ஏறும், ஒரே நாளில் சரியும். வாங்குங்கள் என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. வீட்டில் அண்ணனோ மாமாவோ வைத்திருந்தால் அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "திறவுகோல் யாரிடம் இருக்கிறது?" "பொத்தானை அழுத்துமுன் திரையைப் படிக்கிறீர்களா?"

மீஞ்சூர்ச் சாலையில் அடுத்த கன்டெய்னர் லாரி வருகிறது. கதவில் சீல் பளபளக்கிறது. அதை வைத்தவர் உள்ளே பார்த்தாரா? அதைச் சீல் சொல்லாது.