காற்று இரைச்சல் (ஒலி அளவீடு)

காற்று இரைச்சல் என்பது திறந்தவெளியில் ஒலியை அளக்கும்போது, ஒலிவாங்கியின் மீது காற்று மோதுவதால் அளவீட்டில் ஏற்படும் பிழை ஆகும். இலைகளின் சலசலப்பு போன்று காற்றால் எழும் உண்மையான ஒலிகள் இதில் அடங்கா. இது ஒலிவாங்கி இருக்கும் இடத்திலேயே உண்டாவது.

காரணம்

ஒலிவாங்கியின் மென்தகடு அழுத்த மாற்றத்தை மட்டுமே உணர்கிறது. அம்மாற்றம் ஒலியலையால் வந்ததா, காற்றுச் சுழல்களால் வந்ததா என அதனால் பிரித்தறிய இயலாது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அரை மீட்டர் அளவுக்குக் கூடிக்குறைந்தால், அழுத்தம் ஏறத்தாழ 3 பாஸ்கல் மாறுகிறது. இயல்பான உரையாடலின் ஒலியழுத்தமோ ஏறத்தாழ 0.02 பாஸ்கல் மட்டுமே.

இவ்விரைச்சலின் பெரும்பகுதி தாழ் அதிர்வெண்களில் அமைகிறது. செவியின் உணர்திறனை ஒட்டிய ஏ-நிறையிடல் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல் குறைத்துக் காட்டுவதால் சிக்கல் தீர்ந்தது போலத் தோன்றும். தாழ் அதிர்வெண் ஒலியையே அளக்கவேண்டிய இடத்தில் இது பயன்படாது.

காற்றுத்தடுப்பு

பொதுவாக ஒலிவாங்கியின் மேல் ஏறத்தாழ 9 செ.மீ. விட்டமுள்ள நுரைப்பந்து பொருத்தப்படுகிறது. நுரையின் துளைகள் வழியே ஒலி தடையின்றிச் செல்லும். காற்றின் வேகம் தணியும். பந்தின் மேற்பரப்பில் ஆங்காங்கே மோதும் சிறு சுழல்களின் அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பந்தைவிடப் பெரிய சுழல்களுக்கு இது பொருந்தாது. எனவே நொடிக்கு 5 மீட்டர் காற்றில், ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே இத்தடுப்பின் பயன் குறைவு. பல நெறிமுறைகள் அவ்வேகத்துக்கு மேல் அளவீட்டையே தவிர்க்கச் சொல்கின்றன.

காற்றாலை ஒலி

காற்றாலையின் ஒலியை அளப்பவர் காற்று ஓயும்வரை காத்திருக்க முடியாது. காற்று ஓய்ந்தால் ஆலையும் நின்றுவிடும். இதற்கான ஐஇசி 61400-11 தரம், தரையில் கிடத்திய கடினமான பலகையின் மேல் ஒலிவாங்கியைப் படுக்கவைத்து, அரைக்கோள நுரையால் மூடுமாறு கூறுகிறது. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு என்பதே காரணம். பலகையின் எதிரொலிப்பால் கூடும் 6 டெசிபெல் பின்னர் கழிக்கப்படுகிறது. தேவைப்படின் அதன்மேல் பெரிய இரண்டாம் தடுப்பும் அமைக்கப்படும். வீட்டு முற்றத்தில் வெறும் நுரைப்பந்துடன் பதிவுசெய்த தாழ் அதிர்வெண் ஒலியைக் கொண்டு, குடியிருப்போரின் முறையீடு சரியென்றோ தவறென்றோ நிறுவ முடியாது.

அகவொலி

செவிக்கு எட்டாத அகவொலியை அளக்க நுரை போதாது. 1996 ஆம் ஆண்டின் முழுமையான அணுவாயுதச் சோதனைத் தடை உடன்படிக்கை 60 அகவொலி நிலையங்களை வகுத்துள்ளது. இத்தகைய நிலையங்கள் பலவற்றில், பல மீட்டர் பரப்பில் விரிந்த குழாய்களின் துளைகள் வழியே அழுத்தம் ஒரே உணரிக்கு வந்து சேர்கிறது. 1 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 340 மீட்டர் ஆதலால், அது எல்லாத் துளைகளையும் ஏறக்குறைய ஒருசேர அடைகிறது. காற்றுச் சுழல்கள் துளைக்குத் துளை வேறுபட்டுச் சராசரியில் தணிகின்றன.