பாதிரியார் இல்லாத கல்யாணம்

அமெரிக்காவில் கிறிஸ்தவச் சரித்திரக் காதல் நாவல் என்று ஒரு வகை பல வருஷமாக நன்றாக விற்றுக்கொண்டிருக்கிறது. மில்ஸ் அண்ட் பூன் மாதிரிதான், ஆனால் முத்தத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். நாயகன், நாயகி, கடவுள் என்று கதையில் மூன்று பேர். நாயகிக்கு விசுவாசம் திரும்பி வரும்போதுதான் காதலும் கைகூடும். இதற்குப் பெரிய சந்தை இருக்கிறது என்று காட்டிய புத்தகம் ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' (1979). மேற்கு நோக்கிப் போகும் வழியில் கணவனைப் பறிகொடுக்கிறாள் ஒரு கர்ப்பிணிப் பெண். அடக்கம் நடந்த அன்றே, சின்னக் குழந்தையோடு இருக்கும் ஒரு மனைவியிழந்தவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். காதல் அப்புறம் மெதுவாக வருகிறது.

இதன் உட்பிரிவு ஒன்று காலனி காலத்தில் நடக்கும். நமக்குக் காலனி காலம் என்றால் வெள்ளைக்காரன் ஆட்சி. அவர்களுக்கு 1607ல் ஜேம்ஸ்டவுனில் குடியேறியதிலிருந்து 1776ல் சுதந்திரம் அறிவித்தது வரை. நான் படித்தவற்றில் நியூ இங்கிலாந்தில், அதாவது பியூரிட்டன்கள் ஊரில், நடக்கும் கதைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப இடித்தது. கடைசி அத்தியாயத்தில் தேவாலயம், பாதிரியார், ஆசீர்வாதம், மோதிரம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரில், அந்தக் காலத்தில், அப்படி நடக்காது.

மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களின் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த முதல் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். தேதி 1621 மே 12. மாப்பிள்ளை எட்வர்ட் வின்ஸ்லோ, பெண் சூசன்னா வைட். அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். சூசன்னாவின் கணவர் பிப்ரவரி 21ல் இறந்தார். வின்ஸ்லோவின் மனைவி மார்ச் 24ல். சரியாக ஏழு வாரம் கழித்து இந்தக் கல்யாணம். சூசன்னா கையில் கப்பலிலேயே பிறந்த குழந்தை வேறு. 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' கதை நம்ப முடியாதது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

அந்தக் கல்யாணத்தில் பாதிரியார் கிடையாது. அரசு அதிகாரி முன்னால் இருவரும் சம்மதம் சொன்னார்கள், அவ்வளவுதான். நம்ம பாஷையில் ரிஜிஸ்டர் கல்யாணம்.

பிளிமத்தில் அப்போது முறையாக நியமிக்கப்பட்ட பாதிரியார் இல்லை, அதனால்தான் என்று தோன்றும். அது பாதிக் காரணம்கூட இல்லை. பக்கத்திலேயே பின்னால் வந்த மாசசூசெட்ஸ் பே காலனியில் பாதிரியார்களுக்குப் பஞ்சமே கிடையாது. அங்கேயும் கல்யாணம் செய்துவைத்தது மாஜிஸ்திரேட்தான். பாதிரியாரும் செய்துவைக்கலாம் என்று மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது 1692ல்.

காரணத்தை கவர்னர் வில்லியம் பிராட்ஃபர்டே தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். கல்யாணத்தால் வாரிசுரிமை, சொத்து எல்லாம் தீர்மானமாகிறது, ஆகவே அது அரசாங்கத்தின் வேலை. ரூத் புத்தகம் 4ம் அதிகாரத்தில் போவாஸ் ஊர்வாசலில் மூப்பர்கள் முன்னிலையில்தான் ரூத்தை மனைவியாக ஏற்கிறான். சுவிசேஷத்தில் எங்கேயும் இதைப் போதகரின் கடமை என்று சொல்லவில்லை. போதாததற்கு, இவர்கள் பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்த ஹாலந்திலும் இதுதான் வழக்கம். கல்யாணம் ஒரு திருவருட்சாதனம் என்பது கத்தோலிக்கச் சரக்கு, மோதிரமும் அப்படித்தான் என்பது இவர்கள் கட்சி. பக்தி குறைந்து பாதிரியாரை விட்டுவிடவில்லை. பக்தி முற்றித்தான் விட்டார்கள். இது புரியாமல் எழுதும்போது அந்த மனிதர்களின் மதத்தையே நாவல் தவறவிடுகிறது. கிறிஸ்தவ நாவல் என்று அட்டையில் போட்டுக்கொண்டு இதைத் தவறவிடுவதுதான் எனக்கு உறுத்தல்.

இதற்காக ஒருவர் ஜெயிலுக்கே போனார். அதே வின்ஸ்லோதான். காலனியின் வேலையாக லண்டன் போயிருந்தபோது, ஆர்ச்பிஷப் லாட் முன்னால் குற்றச்சாட்டு வந்தது: சபையில் பேசினாய், கல்யாணம் செய்துவைத்தாய். வின்ஸ்லோ மறுக்கவில்லை. கல்யாணம் சிவில் விஷயம், பாதிரியார்தான் செய்ய வேண்டும் என்று வேதத்தில் இல்லை, என் கல்யாணமே ஹாலந்தில் நகர மன்றத்தில்தான் நடந்தது என்றார். ஃப்ளீட் சிறையில் சுமார் 17 வாரம் இருந்தார். இப்படி ஒரு கட்டத்தை நாவலில் வைத்தால் மிகைப்படுத்தல் என்பார்கள்.

பழைய ஆட்கள் சிலர் இதைச் சரியாகவே செய்தார்கள். லாங்ஃபெல்லோ 1858ல் எழுதிய 'தி கோர்ட்ஷிப் ஆஃப் மைல்ஸ் ஸ்டாண்டிஷ்' காவியம் காலனிக் காதல் கதைகளுக்கெல்லாம் பாட்டன். அதில் ஜான் ஆல்டன், பிரிசில்லா கல்யாணம் மாஜிஸ்திரேட் முன்னால்தான் நடக்கிறது. பிராட்ஃபர்டின் கையெழுத்துப் பிரதி முழுசாக அச்சானது 1856ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். (லாங்ஃபெல்லோ அந்தத் தம்பதியின் வம்சாவளி.) ஆனால் கல்யாணம் முடிந்ததும் மணப்பெண்ணை வெள்ளைக் காளை மேல் ஏற்றி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். பிளிமத்துக்கு முதல் மாடுகள் வந்ததே 1624ல், கொண்டுவந்தது நம்ம வின்ஸ்லோ. ஆல்டன் கல்யாணம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. கவிஞருக்கு ஒரு காளையை மன்னிக்கலாம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். கதை வர்ஜீனியாவில் நடந்தால் பாதிரியார் இருக்கலாம், இருக்க வேண்டும். அது சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஊர். 1614ல் போகஹோண்டஸ், ஜான் ரோல்ஃப் கல்யாணம் அந்த முறைப்படிதான்.

சரி, பாதிரியாரை எடுத்துவிட்டால் கதையில் ரொமான்ஸ் குறையுமா? பிளிமத் கோர்ட் பதிவுகள் 19ம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாஃப்ட்வேர்க்காரன் கண்ணுக்கு அவை லாக் ஃபைல் மாதிரி: உணர்ச்சி இல்லாமல், தேதி போட்டு, யார் என்ன செய்தார் என்று. பெற்றவர் அனுமதி இல்லாமல் பெண்ணிடம் கல்யாணப் பேச்சு எடுத்தாலே தண்டனை என்று 1638ல் அங்கே சட்டம். அந்தச் சட்டத்தில் மாட்டியவர் இளைய ஆர்தர் ஹௌலண்ட். அவர் விரும்பிய பெண் எலிசபெத் பிரென்ஸ், கவர்னர் தாமஸ் பிரென்ஸின் மகள். கவர்னர் குவேக்கர்களை விரட்டி விரட்டித் தண்டித்தவர். ஆர்தரின் அப்பாவோ தன் வீட்டில் குவேக்கர் கூட்டம் நடக்கவிட்டார் என்று கோர்ட்டில் நின்றவர்.

முதலில் ஆர்தருக்கு 5 பவுண்டு அபராதம். அவர் அடங்கவில்லை. 1667 ஜூலையில் மறுபடி கோர்ட். 50 பவுண்டு பிணை, இனி எலிசபெத்தைக் கல்யாண நோக்கத்தோடு நெருங்கவே மாட்டேன் என்று சத்தியம். எல்லாம் கவர்னர் தலைமை வகிக்கும் கோர்ட்டில்.

அதே வருஷம் டிசம்பரில் இருவருக்கும் கல்யாணம்.

ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து மாசத்தை யாராவது நாவலாக எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன். கடைசி அத்தியாயத்தில் மட்டும் தயவுசெய்து பாதிரியாரைக் கூட்டிவந்துவிடாதீர்கள்.