கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வால்யூம் கண்ட்ரோல்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினால் வீடியோ கேம் கன்ஸோல் வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லிவிட்டாராம். பையனும் வாங்கிவிட்டான். இப்போது அவன் பிளேஸ்டேஷன் 5 என்கிறான். கொழுந்தனார் எக்ஸ்பாக்ஸ்தான் வாங்கணும் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையோ, "எல்லாரும் சேர்ந்து ஆடணும்னா ஸ்விட்ச் வாங்குக்கா" என்கிறாள். 'மூன்றுக்கும் என்னதான் வித்தியாசம்? விலையைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்று முடித்திருக்கிறார்.

கன்ஸோல் என்றால் என்ன, அதை டிவியில் எங்கே செருகுவது என்பதையெல்லாம் அந்தப் பையனே நமக்கு வகுப்பெடுப்பான். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் எப்போதும் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேர். சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 2020 நவம்பரில் ஒரே வாரத்தில் வெளிவந்தவை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டுக்கும் மூளை செய்து கொடுத்தது ஏ.எம்.டி. என்ற ஒரே கம்பெனி. இரண்டிலும் எட்டு கோர் பிராசஸர், 16 ஜி.பி. ராம். படம் வரையும் வேகம் எக்ஸ்பாக்ஸில் 12 டெராஃப்ளாப்ஸ், பிளேஸ்டேஷனில் 10.28. ஒரே தறியில் நெய்த வேட்டிக்கு இரண்டு கடைக்காரர்கள் வேறு வேறு கரை போட்டு விற்பது போலத்தான். எங்கள் வீட்டு 43 அங்குல டிவியில் இந்த ஒன்றே முக்கால் டெராஃப்ளாப்ஸ் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். அகப்படவில்லை. எக்ஸ்பாக்ஸுக்குச் சீரிஸ் எஸ் என்று ஒரு தம்பி உண்டு. 4 டெராஃப்ளாப்ஸ்தான், டிஸ்க் போடும் வாய் கிடையாது, விலை குறைவு. சின்ன டிவிக்கு அது தாராளம்.

இந்தத் தலைமுறையில் உண்மையாகவே மாறியது சேமிப்பகம். முந்தைய பிளேஸ்டேஷன் 4இல் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தது. பலசரக்குக் கடையில் நாம் கேட்ட சாமானுக்கெல்லாம் ஏணி போட்டு ஏறி இறங்கும் பையன் மாதிரி, அதன் ஊசி இங்கும் அங்கும் ஓடித் தேட வேண்டும். நொடிக்கு 50 முதல் 100 மெகாபைட் எடுத்துத் தந்தால் பெரிது. அதனால் கேம் எழுதுபவர்கள் தந்திரம் செய்தார்கள். ஸ்பைடர்மேன் விளையாட்டில் நியூயார்க்கின் தெருவுக்குத் தெரு வரும் சாமான்களின் தரவு சிலவற்றை டிஸ்க்கில் 400 இடத்தில் நகலெடுத்து வைத்திருந்ததாக, பிளேஸ்டேஷன் 5ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஓர் உரையில் சொன்னார். ஏணிப் பையன் எந்தப் பக்கம் நின்றாலும் கைக்கு எட்டும்படி அதே பருப்பை எல்லா அலமாரியிலும் கொட்டி வைப்பது! பல விளையாட்டுகளில் நாயகன் பாறை இடுக்கில் உடம்பை ஒருக்களித்து மெதுவாக நுழைந்து போவானே, அதுகூட அடுத்த இடம் ஏறும்வரை நம்மை ஏமாற்றி வைத்திருக்கும் வித்தைதான். பிளேஸ்டேஷன் 5இல் இருப்பது எஸ்.எஸ்.டி. என்ற, சுழலாத சேமிப்பகம். அது நொடிக்கு 5.5 ஜிகாபைட், எக்ஸ்பாக்ஸினுடையது 2.4 ஜிகாபைட். ஏணிக்கே வேலையில்லை.

தங்கை சொல்லும் நிண்டெண்டோ ஸ்விட்ச் வேறு ரகம். 2017இல் வந்தபோது அதற்குள் இருந்தது என்விடியாவின் டெக்ரா என்ற சிப். டேப்லெட்டுக்கு என்று செய்தது. பலத்தில் மற்ற இரண்டோடும் நிற்க முடியாது. ஆனால் டிவியிலிருந்து பிடுங்கிக் கையோடு எடுத்துப் போகலாம். இரண்டு ஓரத்திலும் உள்ள ஜாய்-கான் என்ற குட்டிக் கண்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டால் ரயில் பெர்த்திலேயே இரண்டு பேர் ஆடலாம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2க்கு 7.9 அங்குலத் திரை, 256 ஜி.பி. இடம்.

ஸ்விட்ச்சைப் பற்றி ஒரு சின்னச் சங்கதி. அதன் கேம் கார்டு நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாதென்று அதன் மேல் டினடோனியம் பென்சோயேட் என்ற படுகசப்பான பொருளைப் பூசியிருக்கிறார்கள். 1958இல் ஸ்காட்லாந்தில் மரத்துப்போகும் மருந்துக்கான ஆராய்ச்சியில் தற்செயலாகக் கிடைத்தது அது. விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவும் நம் பாட்டிகளின் வைத்தியம்தான், கார்டுக்கு வந்திருக்கிறது. நான் நக்கிப் பார்த்தேன். அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நாக்கு என்னுடையதாக இல்லை.

டிஸ்க் பற்றி இரண்டே வரி. டிஸ்க் வாங்கினால் ஆடி முடித்ததும் சித்தப்பா பையனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். இணையத்தில் இறக்கியதைக் கொடுக்க முடியாது. எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் நம் பழைய வாடகை நூலகம் போல: சந்தா கட்டும்வரை எல்லாம் உங்களுடையது, நிறுத்தினால் ஒன்றும் இல்லை. 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் டிரைவே இல்லை, வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து மாட்ட வேண்டும். என் பரணில் பழைய டிவி கேமின் கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. ஊதிப் போட்டால் ஓடும். (ஊதுவது கெடுதல், எச்சில் ஈரத்தில் உலோகக் கால் கறுக்கும் என்று பின்னால்தான் படித்தேன்.)

இனி, நான் எழுத வந்த விஷயம்.

டெராஃப்ளாப்ஸை நாம் தொடுவதில்லை. தொடுவது கண்ட்ரோலரைத்தான். பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் அதில் கெட்டிக்காரக் கண்ட்ரோலர். ஸ்பீக்கரில் இருப்பது போன்ற காயில்களை உள்ளே வைத்து அதிர வைக்கிறார்கள். கூடவே வரும் ஆஸ்ட்ரோ விளையாட்டில் பொம்மை மணலில் நடந்தால் உள்ளங்கையில் மணல் தெரியும், கண்ணாடியில் நடந்தால் கண்ணாடி. விசைக்குப் பின்னால் ஒரு மோட்டார் பற்சக்கரத்தைத் திருப்பி, வில்லின் நாணை இழுப்பது போல விரலை எதிர்த்துத் தள்ளும். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் இந்த வித்தையெல்லாம் இல்லை. ஆனால் அது இன்றைக்கும் இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடுகிறது. பழமை என்று சிரிக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உள்ளே வைத்து மூடிய பேட்டரி சில வருஷத்தில் தளர்ந்து போகும், செல் பெட்டிக்கடையில் கிடைக்கும்.

இத்தனை வித்தைக்கும் நடுவில், கட்டைவிரலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது அந்த ஸ்டிக். அதைக் கழற்றிப் பார்த்த நாள் எனக்கு என் பெரியப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

திருத்துறைப்பூண்டியில் அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வருகிற ரேடியோவில் பாதிக்கு ஒரே வியாதி: வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம். குமிழுக்குப் பின்னால் இருப்பது வட்டமான கரித்தடம். அதன் மேல் ஒரு தகட்டு விரல் உரசிக்கொண்டே நகரும். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்சாரம் கூடும், குறையும். உரசி உரசிக் கரி தேய்ந்து தூளாகும், தூள் மறுபடி தடத்திலேயே அப்பிக்கொள்ளும். விரலுக்கு இடம் புரியாமல் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் கரகரப்பு. பெரியப்பா இங்க் ஃபில்லரால் சி.டி.சி. திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு, குமிழை முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருகுவார். (அந்தத் திரவம் கல்லீரலுக்கு ஆகாது என்று அப்போது யாருக்குத் தெரியும்?) மூன்று மாதம் தாங்கும். பிறகு புது வால்யூம் கண்ட்ரோல் மாற்ற வேண்டியதுதான்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்களின் ஸ்டிக்கில் இருப்பது இதே சாமான். ஒன்றல்ல, இரண்டு. இடம்-வலத்துக்கு ஒன்று, மேல்-கீழுக்கு ஒன்று. தகட்டு விரல் தடத்தின் நடுவில் நின்றால் பாதி வோல்ட் வரும். 'ஸ்டிக்கை யாரும் தொடவில்லை' என்று கன்ஸோல் புரிந்துகொள்ளும். நடுவில் கரி தேய்ந்தால் பாதி கொஞ்சம் கூடவோ குறையவோ ஆகிவிடும். ரேடியோவில் கரகரத்த வியாதி இங்கே வேறு மாதிரி வெளிப்படுகிறது: கண்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரையில் நாயகன் தானாக நடந்து போய்ப் பள்ளத்தில் விழுகிறான். இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். மென்பொருளில் ஒரு சமாளிப்பு உண்டு. நடுவைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு, அதற்குள் வரும் அசைவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் தாத்தா வால்யூமைக் கரகரக்காத இடத்தில் வைத்துவிட்டு, "யாரும் தொடாதீங்கடா" என்பார். அதே சமாளிப்புதான்.

டூயல்சென்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் குழு, இந்தப் பாகத்துக்குக் கணக்கிட்ட ஆயுள் 20 லட்சம் சுழற்சி என்றும், விடாமல் துப்பாக்கி விளையாட்டு ஆடினால் 400 மணி நேரத்தைத் தாண்டும்போதே அது தீரக்கூடும் என்றும் கணக்குப் போட்டது. தினமும் இரண்டு மணி நேரம் ஆடும் பையனுக்கு ஏழு மாதம். முதல் ஸ்விட்ச்சின் ஜாய்-கான் ஸ்டிக் இன்னும் தட்டையானது, கரிப்படலத்தின் மேல் உலோகம் உரசுவது. புகார் குவிந்து, 2020இல் நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் போனது.

ஸ்டிக் எப்போதுமே சிக்கலைக் கொண்டுவந்த பாகம்தான். 1996இல் வந்த நிண்டெண்டோ 64இல் கரித்தடம் இல்லை, ஒளியால் எண்ணும் சக்கரம். ஆனால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி வெள்ளைத் தூள் கொட்டும். அதில் வந்த மரியோ பார்ட்டி, ஸ்டிக்கை எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடியுமோ சுழற்று என்றது. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்து அரைத்தார்கள், ஆட்டுக்கல் மாதிரி. கொப்புளம்! கடைசியில் 2000இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரோடு உடன்பாடு செய்துகொண்டு, கேட்கிற வீட்டுக்கு நான்கு வரை கையுறை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது நிண்டெண்டோ. வீடியோ கேமுக்குக் கையுறை!

தேயாத ஸ்டிக் முடியாதா? முடியும். 1879இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர், தங்க ரேக்கில் மின்சாரம் ஓடவிட்டு அதைக் காந்தத்துக்கு நடுவில் வைத்தார். ரேக்கின் இரு ஓரங்களுக்கும் இடையே குறுக்கே ஒரு சின்ன வோல்ட் தோன்றியது. எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. அது தெரிய இன்னும் 18 வருஷம் ஆகும். ஸ்டிக்கின் அடியில் காந்தம், எதிரே ஹால் சென்சார் என்று வைத்தால் ஒன்றையொன்று தொடவே தொடாது. தொடாதது தேயாது. நம் தெருவில் ஓடும் மின்சார ஸ்கூட்டரின் ஆக்ஸிலேட்டர் பிடியில் இருப்பது இதுதான். செகா கம்பெனி 1998இல் டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே இதை வைத்துவிட்டது. அந்தக் கன்ஸோல் வியாபாரத்தில் தோற்றது. அதன் ஸ்டிக் தோற்கவில்லை. அப்படியும் இந்தத் தலைமுறையில், ஸ்விட்ச் 2 வரை, மூன்று பெரியவர்களும் கூடவே தரும் கண்ட்ரோலரில் கரித்தடத்தை விடவில்லை. சோனி 2023இல் ஸ்டிக்கை மட்டும் பிடுங்கி மாற்றக்கூடிய எட்ஜ் கண்ட்ரோலரைக் கொண்டுவந்தது. அறிமுக விலை 199.99 டாலர். டிஸ்க் இல்லாத பிளேஸ்டேஷன் 5 அறிமுகமானபோது அதுவே 399.99 டாலர்தான். அரை மாட்டு விலையில் மாட்டுக்குக் கயிறு.

பெரியப்பா இருந்திருந்தால் கோபித்திருப்பார். தேய்மானத்துக்காக அல்ல, தேயாத பொருளை அவரும் பார்த்ததில்லை. தேய்கிற பாகத்தைக் கழற்ற முடியாதபடி ஈயத்தால் ஒட்டி, கூட்டை மூடி, அதற்கு 'நுகர்பொருள்' என்று பெயர் வைப்பதற்காக. அவர் கடையில் சுவர் முழுக்க ஆணி, ஆணிதோறும் வால்யூம் கண்ட்ரோல் தொங்கும்.

சென்ற வருஷம் என் மகனின் கண்ட்ரோலருக்கும் டிரிஃப்ட் வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல், "புதுசா வாங்கிக்கங்க சார், அதுதான் பெஸ்ட்" என்றார்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, இருபத்தைந்து வயதுப் பையன். ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிராமலே கேட்டான்: "ஹால் போடவா சார், சாதா போடவா?" ஓட்டலில் தோசைக்குக் கேட்கிற மாதிரி. 14 காலிலும் ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் பழைய ஸ்டிக்கைப் பிடுங்கி, உள்ளே இருந்த தடத்தை நகத்தால் நெம்பிக் காட்டினான். சுண்டுவிரல் நகம் அளவு கருப்புப் பிறை. நடுவில் மட்டும் மயிரிழை போலப் பளபளவென்று ஒரு கோடு. ஆன செலவு, புதுக் கண்ட்ரோலர் விலையில் கால்வாசிகூட இல்லை.

கும்பகோணத்து அம்மாவுக்கு என் பதில்: பையன் தனியாக உட்கார்ந்து கதை கதையாக ஆடுபவன் என்றால் பிளேஸ்டேஷன். மாதச் சந்தாவில் விதவிதமாக ஆடிப் பார்ப்பவன் என்றால் எக்ஸ்பாக்ஸ். நீங்களும் கூட உட்காரப் போகிறீர்கள் என்றால் தங்கை சொன்னது. பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ என்றால் டிஸ்க் போடும் வாய் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் பையனிடம் கொடுக்காதீர்கள். வாரண்டி முடிந்த பிறகு ஸ்டிக் கெட்டால் எனக்கு எழுதுங்கள், மாடிப்படி அடையாளம் சொல்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பையனிடம், சி.டி.சி. விட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

"அது எங்க தாத்தா வச்சிருந்தார் சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"