பாட்டிலில் தெரிந்த கோடு

திருவனந்தபுரம் ஆரியசாலை தேவி கோயிலைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் அந்தப் பட்டறை இருக்கிறது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். மே மாதக் கடைசி வாரம். திண்ணையில் பதினோரு மரம் அறுக்கும் மெஷின்கள் படுத்திருந்தன. ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் மழை தொடங்கும். மழையோடு காற்று வரும், காற்றில் மரம் சாயும். அதற்குள் இத்தனை மெஷினும் ஓடியாக வேண்டும்.

குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலிருந்து பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் தன் மெஷினை மேஜைமேல் வைத்தார்.

“ஆசானே, இழுத்து இழுத்துத் தோளு போச்சு. ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்கு.”

“பெட்ரோலு எப்பம் கலக்குனது, மக்கா?”

“தீபாவளிக்கு முன்ன. டேங்குல அப்படியே கெடந்து.”

பட்டறைக்காரரான ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சாய்த்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மேலே ஆயிலின் பச்சை நிறத்தோடு பெட்ரோல். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெளிறிய வேறொரு திரவம். நடுவே பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கோடு.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால், இந்த மெஷினின் ஆயுளும் அதை ஏந்துகிறவரின் ஆயுளும் எதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது பிடிபடும்.

செயின் சா பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஓடுகிறது. பைக்கில் இருப்பதுபோல இதில் ஆயிலுக்கென்று தனி அறை கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்ற கணக்கில் ஆயிலைக் கலந்து ஊற்றுகிறோம். பெட்ரோல் எரியப் போகிற வழியிலேயே பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டுப் போகும். மெஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. பெட்ரோலோடு ஆயில் வராவிட்டால், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் பிஸ்டன் வெறும் உலோகத்தோடு உரசும்.

நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். 2030-க்கு வைத்திருந்த இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு 2025-லேயே எட்டப்பட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் உள்ள ஈரத்தைக் கூட இழுத்துக்கொள்ளும். பாதி காலியான டேங்க், அதில் காற்றுப் போக ஒரு துளை, ஆறேழு மாதம் இந்தப் பக்கத்துப் புழுக்கம், கேனில் ஏற்கெனவே இருந்த சில துளிகள் என்று எல்லாம் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டியதும், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கைப்பிடித்து அடியில் இறங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மெஷினின் எரிபொருள் வடிகட்டியோ எடைகட்டிய ஒரு குண்டுபோலக் குழாயின் நுனியில் தொங்கி, எப்போதும் டேங்கின் அடியில்தான் கிடக்கும். அது முதலில் உறிஞ்சுவது ஆயிலே இல்லாத அந்த அடித் திரவத்தை.

குலசேகரத்து இளைஞரின் மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் போனது அவருடைய நல்ல நேரம். ஆகியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும். பக்கத்துத் தகர டப்பாவில் அப்படிப் போன பிஸ்டன்கள் கிடந்தன. ஆசான் இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்றில் சைலன்சர் இருந்த பக்கம் மட்டும் நெடுக்காகக் கீறல்கள். அது பெட்ரோல் குறைந்து, சூடேறிப் போனது. இன்னொன்றில் சுற்றிலும் கீறல். அது ஆயில் இல்லாமல் ஓடியது. மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல அவர் பிஸ்டனைப் பார்க்கிறார்.

பட்டறை இருக்கும் ஆரியசாலை, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய சாலைக் கம்போளத்தின் ஒரு பகுதி. தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம். நவராத்திரிக்குக் குமாரகோவில் வேளிமலை முருகன் ஊர்வலமாக வந்து தங்குவதும் இங்குள்ள கோயிலில்தான். அவர் வரும் அதே களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் குமரி மாவட்டத்து மெஷின்களும் வருகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரியின் ரப்பர் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டபோது, மின்கம்பிகளுக்கும் சாலைகளுக்கும் குறுக்கே கிடந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்கியவை இந்த மெஷின்கள். இனி இவற்றின் புகையைப் பற்றிப் பேசும்போது அதை மறந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

டேங்கில் மிச்சமிருந்த பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்ப்பரேட்டரைப் பிரித்தார் ஆசான். தபால்தலை அளவுள்ள மெல்லிய டயஃப்ரம் ஒன்று உள்ளே இருக்கும். இன்ஜினின் துடிப்புக்கு ஏற்ப அது துள்ளித் துள்ளிப் பெட்ரோலை அளந்து கொடுக்கும். நகத்தால் தொட்டால் துணிபோல மடங்க வேண்டிய அது, எத்தனாலில் ஊறிக் காய்ந்து பழைய எக்ஸ்ரே தாள்போல விறைத்திருந்தது. விறைத்தால் துள்ளாது, துள்ளாவிட்டால் பெட்ரோல் குறையும். பல கம்பெனிகள் தங்கள் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் பொறுப்பு என்று எழுதுகின்றன.

இதற்கு மேல் இன்னொரு சங்கதி உண்டு. எத்தனாலுக்குள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அதனால் எரிய அதற்குக் காற்று குறைவாகப் போதும். ஒரு கிலோ வெறும் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டால் 13.5 கிலோ வரும். ஆக, வெறும் பெட்ரோலுக்கு ட்யூன் செய்த மெஷின் இந்தக் கலவையைக் குடிக்கும்போது, வேண்டியதைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவாகக் குடிக்கிறது. வண்டியில் சென்சார் இருக்கிறது, அது கண்டுபிடித்துச் சரிசெய்யும். பழைய மெஷினில் இருப்பவை மெதுவான ஓட்டத்துக்கு ஒரு எல் ஸ்க்ரூ, முழு வேகத்துக்கு ஒரு ஹெச் ஸ்க்ரூ, அவற்றைத் திருகும் ஒருவருடைய காது.

அந்தக் காது என்ன கேட்கிறது? மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் பிடித்தால், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக உள்ள இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் சரியாக எரியாது. சத்தம் கரகரவென்று உடையும். மரத்தில் அழுத்தியதும் அந்தக் கரகரப்பு தெளிந்து ஒரே இழையாக ஓடும். அதுதான் சரியான இடம். மரத்தில் வைக்கும் முன்பே கூர்மையாக, வழவழவென்று கீச்சிட்டால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கேட்பவருக்கு அது நல்ல வேகமாகத் தோன்றும், மெஷினுக்கு அது காய்ச்சல். பொன்முடி மலை சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. மலையில் வைத்து ட்யூன் செய்த மெஷினை அப்படியே கீழே நகரத்துத் தம்பானூரில் கொண்டுவந்து ஓட்டினால், அதே ஸ்க்ரூ, அதே பெட்ரோல், ஆனால் இன்ஜின் கீச்சிடும். எத்தனாலும் சேர்ந்தால் அன்றைக்கே பிஸ்டன் போகலாம்.

அதனால் ஆசான்கள் எல்லோருமே பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக வைக்கிறார்கள். மெஷினைக் காப்பாற்ற அது சரியான முடிவு. ஆனால் கூடுதலாகப் போகும் பெட்ரோல் எரியாமல் வெளியே வரும். அந்தப் புகை முதலில் போய்ச் சேர்வது மெஷினைப் பிடித்திருப்பவரின் நெஞ்சுக்குள்.

டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குறை இது. எரிந்த புகையை வெளியே தள்ளப் புதிய பெட்ரோல் கலவையையே அனுப்புகிறது இன்ஜின். வெளியேறும் துவாரமும் உள்ளே வரும் துவாரமும் ஒரே சமயம் திறந்திருப்பதால், பழைய வடிவமைப்பில் கால் பங்குக்கும் மேலான கலவை எரியாமலே வெளியே ஓடிவிடும். ஆர்எக்ஸ் 100 பைக்கின் பின்னால் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும். சாலை வண்டிகளில் 2000-க்குப் பிறகு வந்த விதிகள் டூ ஸ்ட்ரோக்கை மெல்ல மெல்ல வெளியேற்றின. கையில் தூக்கும் மெஷினில் அது தங்கிவிட்டது, ஏனென்றால் இத்தனை லேசான எடையில் இத்தனை சக்தி வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-ல் கை மெஷின்களுக்கு முதல் கட்ட விதி கொண்டுவந்தது. 20 முதல் 50 சிசி வரை உள்ள இன்ஜின், ஒரு கிலோவாட் மணிக்கு 241 கிராம் ஹைட்ரோகார்பனுக்கு மேல் விடக்கூடாது. 2002-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் படிப்படியாக, நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து, அந்த எல்லை 50 கிராமாக இறங்கியது. ஐரோப்பாவின் ஐந்தாம் கட்ட விதியிலும் அதே 50 கிராம்தான். இது நடக்காது என்று அன்று பலர் சொன்னார்கள். நடத்திக் காட்டியவர்கள் இன்ஜினை வடிவமைத்தவர்கள். கலவைக்கு முன்னால் வெறும் காற்றை ஓர் அடுக்காக அனுப்பினார்கள். வெளியே ஓடுவது காற்றாக இருந்துவிட்டுப் போகட்டும், பெட்ரோல் உள்ளே நிற்கட்டும் என்பது யோசனை. இப்படிச் செய்த மெஷின் பெட்ரோலையும் மிச்சம் பிடித்தது.

இந்த எண்களை நம் ஊர் அளவில் வைத்துப் பார்த்தேன். 45 சிசி மெஷினின் சக்தி ஏறக்குறைய 2.3 கிலோவாட். 50 கிராம் எல்லைக்குள் நிற்கும் நல்ல மெஷினே முழுச் சக்தியில் ஒரு மணி நேரம் ஓடினால் 115 கிராம் விடலாம். பி.எஸ்.6 பெட்ரோல் காருக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கு 160 மில்லிகிராம்தான் அனுமதி. அந்த எல்லையில் ஓடும் கார் அதே 115 கிராமை விட 700 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். திருவனந்தபுரத்தில் கிளம்பினால் சென்னையை நெருங்கிவிடும். கார்பன் மோனாக்சைடில் விதி இன்னும் தாராளம்: கிலோவாட் மணிக்கு 805 கிராம். எல்லையைத் தொட்டபடி முழு வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் 1.8 கிலோவுக்கு மேல். யாரும் இடைவிடாமல் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் அறுப்பதில்லை. ஆனாலும் சைலன்சருக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை. வீடுகளுக்கு நடுவே, மதில் ஓரமாக, காற்று அசையாத இடத்தில் நின்று அறுக்கும்போது அந்தப் புகை முழுக்க அறுப்பவருக்குத்தான். எரியாத பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. சுவீடனில் காட்டு வேலை செய்பவர்கள் பென்சீன் ஏறக்குறைய இல்லாத அல்கைலேட் பெட்ரோலுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மாறினார்கள்.

இந்தியாவில் ஜெனரேட்டருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை எல்லை உண்டு. 2023 ஜூலை 1 முதல் அது இன்னும் இறுக்கப்பட்டது. ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். செயின் சாவிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. இலங்கையில் செயின் சா வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்தாக வேண்டும், ஆனால் அது காட்டைக் காக்க வந்த விதி. புகையோடு அதற்குச் சம்பந்தமில்லை. இங்கே ஒரே கடையில் காற்று அடுக்கு வைத்த புதிய மெஷினும் இருக்கிறது, பழைய பாணியில் வரும் 52 சிசி, 58 சிசி சீன மெஷினும் இருக்கிறது. வாங்குபவருக்கு விலைதான் தெரியும். டப்பாவின் மேல் கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் என்ற எண்ணையாவது அச்சிடச் சொன்னால் என்ன என்று நான் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் பேட்டரிக்கு மாற்றிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. 2024 முதல் தயாராகும் பெரும்பாலான சிறிய பெட்ரோல் இன்ஜின்களின் விற்பனையை நிறுத்திய கலிபோர்னியாவாலேயே, 45 சிசியும் அதற்கு மேலும் உள்ள செயின் சாக்களைத் தொட முடியவில்லை. இங்கே பேட்டரி மட்டும் ஏன் போதாது என்பது தென்னையை அறுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். மற்ற மரங்களில் நடுப்பகுதி வைரம் பாய்ந்திருக்கும். தென்னையிலோ வெளிச்சுற்றுதான் இரும்பு, உள்ளே சோறு. அதை நாள் முழுக்க அறுக்கும் பேட்டரி, ஒரு தொழிலாளி வாங்கும் விலையில் இன்னும் வரவில்லை. ஆனால் மழைக்கு முன்னால் மின்வாரியம் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுகிறதே, இங்கே அதை டச்சிங் வெட்டுவது என்பார்கள், அந்த வேலைக்குப் பேட்டரி மெஷின் இன்றே போதும். அரசு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

மிச்சமுள்ள மெஷின்களுக்கு இப்போதைக்கு ஆசானின் மேஜை. அங்கே புகையைக் குறைக்கும் வேலை செயினிலிருந்து தொடங்குகிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1946-ல் ஜோசப் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, வண்டுப் புழு ஒன்று கட்டையை இடமும் வலமுமாகக் கடித்துச் செல்வதைக் கவனித்து, அதே போக்கில் செயின் பல்லை வடிவமைத்தார். இன்றைய செயின் அதன் வம்சம். கூராக இருந்தால் அது மரத்தைச் சீவல் சீவலாக எடுக்கும். மழுங்கினால் மாவாக அரைக்கும். மாவு காற்று வடிகட்டியை அடைக்கும், காற்று குறையும், பெட்ரோல் கூடியதுபோல ஆகும், புகை கிளம்பும். அறுப்பவர் இன்னும் அழுத்துவார், இன்ஜின் இன்னும் சூடாகும். பாதிப் பேர் ட்யூனிங் போய்விட்டது என்று கொண்டுவரும் மெஷினுக்கு ஆசான் முதலில் அரத்தை எடுக்கிறார்.

புது டயஃப்ரம் போட்டு, அன்று காலை வாங்கிய பெட்ரோலில் 20 மில்லி கணக்காக ஆயிலை அளந்து கலந்து ஊற்றினார். மூன்றாவது இழுப்பில் எடுத்தது. வாசலில் சோதனைக்கென்றே ஒரு தென்னந்துண்டு கிடக்கிறது, இரண்டு முனையும் அறுபட்டு அறுபட்டு முழ நீளத்துக்கு வந்துவிட்டது. காற்றில் பிடித்தபோது கரகரத்தது. துண்டில் வைத்தார். தெளியவில்லை, கரகரப்பு நீடித்தது. ஹெச் ஸ்க்ரூவை ஒரு மயிரிழை உள்ளே திருப்பினார். மறுபடி வைத்தார். சத்தம் ஒரே இழையாக ஓடியது, செயினிலிருந்து விரல் நகம் அளவுக்குச் சீவல்கள் அவர் வேட்டியில் தெறித்தன.

“சாயங்காலம் வேலை முடிஞ்சா டேங்கைக் காலி பண்ணு. பொறவு தானா நிக்குத வரை ஓட விடு. கேன்ல கலக்குன தேதிய எழுது.”

இளைஞர் தலையாட்டிவிட்டு, திண்ணையில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்து, தன் மஞ்சள் கேனின் பக்கவாட்டில் அன்றைய தேதியை எழுதினார். பிறகு மெஷினைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிள்ளிப்பாலம் பக்கமாகப் போனார். திண்ணையில் இன்னும் பதினொன்று இருந்தன. மேஜைமேல் பாட்டில் அப்படியே நின்றது, கோடு கலையாமல்.