பெல்ட்டைக் கழற்றினால் போதுமா?



தென்கிழக்கு ரயில்வேயின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கார்டன் ரீச்சிலேயே தங்கிவிட்டேன். காசை மிச்சம் பிடிக்கும் புத்தி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அந்தப் புத்தியால் நேரவிருந்த விபத்தையே இங்கே சொல்ல வந்தேன்.

எங்கள் பழைய காரின் பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் கசிந்தது. ரேக்கைப் பிரித்து சீல் மாற்ற ஆகும் செலவைக் கேட்டதும் மலைத்துப் போனேன். சாலையோரக் கடைக்காரர் ஒருவர் சுலபமான வழி சொன்னார்: "பம்பின் பெல்ட்டைக் கழற்றிவிடலாம். வண்டி சாதா ஸ்டியரிங் ஆகிவிடும்." செலவு சொற்பம். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் மனைவியுடன் மட்டியாபுருஜ் பக்கம் போனேன். தையல் கடைகள் நிறைந்த பகுதி. ஒரு சந்தில் இடப்புறம் திரும்பும்போது ஸ்டியரிங் முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்தும் கார் அகலமாகவே போயிற்று. எதிரே ஆயத்த ஆடை மூட்டையுடன் ஒரு சைக்கிள்காரர். பிரேக்கை மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. அவர் திட்டவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை.

"ஏங்க, அந்தக் காலத்து அம்பாசடர் எல்லாம் பவர் இல்லாமதானே ஓடிச்சு? இது மட்டும் ஏன் இப்படி?" என்றாள் மனைவி.

அதே கேள்வியை, நான் சாச்சா என்று அழைக்கும் வயதான மிஸ்திரியிடம் கொண்டு போனேன். அவர் சைக்கிள் பம்பு ஒன்றை எடுத்து, அதன் வாயை விரலால் பாதி அடைத்து, "அழுத்துங்க சாஹப்" என்றார். கை கனத்தது. பவர் ரேக்கினுள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பம்பு ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதைத் தள்ளி நமக்கு உதவுகிறது. பம்பு நின்றால், உள்ளே கிடக்கும் எண்ணெயை நாமே குழாய் வழியாகத் தள்ள வேண்டும். உதவியாள் சுமையாகி விடுகிறான்!

இன்னொன்றும் உண்டு. கையால் திருப்பவென்றே செய்த ஸ்டியரிங்கில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக பெரும்பாலும் நான்கு சுற்றுக்குக் குறையாது. சுற்று கூடினால் பளு குறையும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் சக்கரமும் பெரியது. பவர் ரேக்கோ ஏறக்குறைய மூன்று சுற்றில் முடிந்துவிடும். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் இந்த முறையைக் காரில் ஓட்டிக் காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் பவர் ஸ்டியரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உதவி இருக்கும் என்று நம்பிச் செய்த பொருளில் உதவியை மட்டும் பிடுங்கினால் எப்படி?

சாச்சா இரண்டு வழி சொன்னார். ஒன்று, சீல் மாற்றிப் பழையபடி ஓட்டுவது. மற்றது, அதே மாடலின் மலிவு வகைக்கென்று நிறுவனமே செய்த சாதா ரேக்கை முழுதாகப் பொருத்துவது. பழைய ரேக்கிலேயே பிஸ்டன் சீலை எடுத்துவிட்டு, வால்வை வெல்டிங் வைத்து இறுக்குவோரும் உண்டு. அதற்கு மட்டும் அவர் மறுத்துவிட்டார். "உயிர் தொங்குற தண்டு சாஹப். சூடு வச்சா எஃகின் குணம் மாறும்."

எங்கள் மாடலுக்குச் சாதா ரேக் இருந்தது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. ஆகவே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொண்ட பிறகே மாற்றினோம். டை ராடுகளைச் சோதித்து, வீல் அலைன்மென்டும் பார்த்தாயிற்று.

இப்போது வண்டி நகரும்போது ஸ்டியரிங் லேசாகவே இருக்கிறது. நிறுத்தும்போது மட்டும் தோளுக்குக் கொஞ்சம் வேலை. நின்ற இடத்தில் திருப்பாமல் சற்றே உருளவிட்டுத் திருப்பினால் அதுவும் குறைகிறது. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். தோள்வலி உள்ளவர்கள் இந்த மாற்றத்தை நினைக்கவே வேண்டாம். சீல் மாற்றுவதே நல்லது.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். சீலுக்குச் சொன்ன தொகையைத் தாண்டிவிட்டது. கணக்குப் பிரிவில் இருந்தவனின் கணக்கு இது! ஆனாலும் அந்த ஒரு சாண் இடைவெளியை எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.